முதல் கேம்பிங்: டென்டா, மரக்குடிலா, வண்டியா?

சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை கேம்பிங் கிளம்பும்போது எங்கே போவது என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். எதற்குள் படுப்பது என்பதைக் கடைசியில்தான் யோசிப்போம். வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. பகல் எப்படியும் ஓடிவிடும். ஒரு குச்சியும் நாலு கல்லும் போதும், பிள்ளை பசியைக்கூட மறந்துவிடும். மாட்டிக்கொள்வது ராத்திரி இரண்டு மணிக்கு. ஒன்று படுக்கையை நனைத்திருக்கும், அதன் அழுகையில் இன்னொன்று விழித்திருக்கும், வெளியே தூறல் வேறு. டென்ட், மரக்குடில், வண்டி மூன்றையும் அந்த இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்பதை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

சொந்த டென்ட்

பிள்ளைகள் கேட்பது இதைத்தான். இதில் பெரியவர்கள் செய்யும் முதல் தப்பு அளவில். "4 பேர் டென்ட்" என்றால் நாலு பாய் தோளோடு தோள் இடிக்க விரிக்கலாம், அவ்வளவே. பைக்கு இடமில்லை, உட்கார்ந்து டயப்பர் மாற்ற இடமில்லை. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 6 பேர் டென்ட் பாருங்கள். பயணத் தொட்டில் கொண்டுபோவதாக இருந்தால் அது ஏறக்குறைய 1 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம் பிடிக்கும், தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

அடுத்தது மழை. துணிக்கு 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாலும் துணி கசியாது என்று அர்த்தம். மேல்விரிப்புக்கு 1500 போதும். தரைத்துணிக்கு 3000 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஏனென்றால் ஈரத் தரைமேல் பிள்ளைகள் முழங்காலூன்றித் தவழும்போது அந்த அழுத்தமே தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். டென்டுக்கு அடியில் தனியாக ஒரு தார்ப்பாய் விரிப்பதும் நல்லதுதான், ஆனால் அது டென்டின் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம்கூட வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மேலே பெய்த மழையெல்லாம் அதில் விழுந்து உங்கள் முதுகுக்கு அடியில் தேங்கும். விடிகாலையில் "டென்ட் ஒழுகுது" என்று புலம்புபவர்களில் பலருக்கு உண்மையில் ஒழுகியிருக்காது. ஒன்று இந்தத் தார்ப்பாய். இல்லையென்றால் குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை எல்லாம் மூடிவிட்டதால், நாலு பேர் விட்ட மூச்சு துணியில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டியிருக்கும். மேலே ஒரு துவாரம், கீழே ஒரு துவாரம் திறந்தே இருக்கட்டும்.

வகைகளில், இரண்டு கழி குறுக்காகப் பாயும் குவிமாட டென்ட் முதல்முறைக்குச் சுலபம். முளை அடிக்கும் முன்பே தானாக நிற்கும், இடம் சரியில்லை என்றால் அப்படியே தூக்கி நகர்த்தலாம். வீசினால் விரியும் டென்ட் கடையில் பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். திரும்ப மடக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அதை எட்டு வடிவில் முறுக்கி மடக்கவே முடியாது. முளையைச் செங்குத்தாக அடிக்காதீர்கள். தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க, ஏறக்குறைய 45 டிகிரியில் இறக்கினால்தான் கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொள்ளாது. இழுகயிறு ஒவ்வொன்றிலும் ஒரு பளிச்சென்ற துணிக்கிழிசலைக் கட்டிவிடுங்கள். ஓடும் பிள்ளைக்குக் கயிறு தெரியாது.

இரண்டு மணிக் கணக்கில் சொந்த டென்டுக்கு மதிப்பெண் சுமார்தான். பொருள் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அது ஒரு பலம். கழிவறை தூரம் என்பது பலவீனம். பிள்ளைகள் உட்கார்ந்து போகும் மூடி போட்ட சின்ன மலச்சட்டியை டென்டின் முன்வாசலில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மரக்குடில், கட்டிவைத்த டென்ட்

கதவு, கட்டில், சில இடங்களில் மின்விளக்கு. ஒரு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் எங்கள் ஓட்டு தயங்காமல் இதற்கே. அந்த வயதில் குழந்தை உறுதியான, சமதளமான தனிப் படுக்கையில், தளர்வான போர்வையோ தலையணையோ இல்லாமல், மல்லாந்து தூங்க வேண்டும். தொட்டிலை அப்படியே உள்ளே வைக்க இதில்தான் வசதி. பெரியவர்களின் காற்றுமெத்தையில் கைக்குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது. முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

ஆனால் "எல்லாம் இருக்கும்" என்ற வார்த்தையை நம்பிக் கிளம்பாதீர்கள். முன்பதிவின்போதே கேட்க வேண்டியவை: மெத்தை மட்டுமா, விரிப்பும் போர்வையும் சேர்த்தா? சன்னலுக்கு வலை உண்டா? கழிவறை உள்ளேயா, எத்தனை அடி நடக்க வேண்டும்? அடுக்குக் கட்டிலா? அடுக்குக் கட்டில் என்றால் 6 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மேல்தட்டு கிடையாது என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய் அடம் பார்க்க வேண்டாம். குளம், ஓடை எத்தனை அருகில் என்பதையும் கேளுங்கள். படத்தில் அழகாகத் தெரியும் நீர்க்கரை, இரண்டு வயதுப் பிள்ளையோடு போகும்போது நாள் முழுக்க ஓர் ஆளைக் காவலுக்குக் கட்டிப்போட்டுவிடும்.

குறையும் உண்டு. டென்டுக்குள் படுக்கப் போகிறோம் என்று ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரருக்குக் கட்டிலைப் பார்த்ததும் முகம் தொங்கிவிடும்.

வண்டிக்குள் தூக்கம்

இதைச் சீக்கிரமே சொல்லி முடித்துவிடலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் சாதாரணக் காருக்குள் நீட்டிப் படுக்க முடியாது. பின்னிருக்கையை மடக்கினாலும் சரிவும் மேடுமாகத்தான் இருக்கும். கண்ணாடியை எதிரெதிர்ப் பக்கம் இரண்டு விரற்கடை இறக்கி வலை மாட்ட வேண்டும். குளிருகிறது என்று இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது கார்பன் மோனாக்சைடை வரவழைப்பது. வெயில் ஏறியதும் உள்ளே சில நிமிடங்களிலேயே கொதிக்கும், அதனால் பிள்ளையைத் தூங்கட்டும் என்று தனியே விட்டு நகரவே கூடாது. முழுத் திட்டமாக வண்டி தேறாது. மாற்று ஏற்பாடாகத்தான் அதற்கு மதிப்பு: இடி மின்னல் வந்தால் டென்ட் பாதுகாப்பில்லை, இரும்புக் கூரை மூடிய காருக்குள்தான் ஓட வேண்டும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் வண்டி பக்கத்தில் நிற்கும் இடமாகப் பாருங்கள்.

படுக்கையில் தோற்றால் எல்லாம் தோற்றது

காற்றுமெத்தையா, ஃபோம் பாயா என்று கேட்டால், பிள்ளைகளுக்கு ஃபோம். சாதாரணக் காற்றுமெத்தைக்குள் இருக்கும் காற்று தரையின் குளிரை வாங்கி வாங்கி முதுகுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் அடியிலிருந்து நடுங்கும். பெரியவர் புரண்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளை துள்ளும். விடிவதற்குள் காற்று இறங்கிவிடும் ஆபத்து வேறு. ஃபோம் பாய் பருமனாக இருக்கும், வண்டியில் இடத்தை அடைக்கும், ஆனால் ஓட்டை விழாது.

ஸ்லீப்பிங் பேக் பிள்ளையின் அளவுக்கே வேண்டும். பெரியவருடையதில் போட்டால் கால்மாட்டில் காலியாகக் கிடக்கும் இடத்தைச் சூடாக்கவே உடல் திணறும். வாங்க மனமில்லை என்றால், காலுக்குக் கீழே மிச்சமுள்ள பகுதியைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிடலாம். தலை உள்ளே நழுவும் அளவு சின்னப் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். இரண்டடுக்கு உடையும் காலுறையும் போதும். மலைப்பக்கம் போனால் 1000 மீட்டர் ஏறுவதற்குச் சுமார் 6 டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டு உடையெடுங்கள்.

நனைக்கும் வயதுக்கு ஒரு வித்தை. பாய்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் துணி விரிப்பு, அதற்குமேல் இன்னொரு ரப்பர் ஷீட், மறுபடி ஒரு துணி விரிப்பு என்று நாலடுக்காகப் போட்டுவிடுங்கள். நடுச்சாமத்தில் நனைந்தால் மேல் இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி ஒரு பைக்குள் திணித்தால் அடியில் உலர்ந்த படுக்கை தயாராக இருக்கும். மாற்றுடை ஒரு செட்டைத் தலைமாட்டிலேயே வையுங்கள். இருட்டில் ஆறு பைகளைத் துழாவுவதற்குள் வீடே விழித்துவிடும்.

நெருப்பா, காஸ் அடுப்பா?

சமைக்கக் காஸ் அடுப்பு, பார்த்து மகிழ நெருப்பு. இரண்டையும் ஒன்றாக்கினால் பசியில் அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈரவிறகை ஊதிக்கொண்டிருப்பீர்கள். எதுவானாலும் டென்டுக்குள் வேண்டாம், அணைந்தது போலத் தெரியும் கரியடுப்புகூட. மூடிய இடத்தில் அதன் வாயு வாசனையில்லாமல் கொல்லும்.

எரியும் நெருப்பைக் கண்டு பிள்ளைகள் ஓரளவு ஒதுங்குவார்கள். மறுநாள் காலை சாம்பலைக் கண்டு ஒதுங்க மாட்டார்கள். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? மண்ணைப் போட்டு மூடினால் சூடு அடியில் பத்திரமாக விடியும்வரை இருக்கும். வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில்தான் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சீறல் நின்ற பிறகு புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி.

எந்த வயதுக்கு எது?

ஒரு வயதுக்குக் கீழ், மரக்குடில். ஒன்றிலிருந்து மூன்று வரை கழிவறை அருகே இருந்தால் டென்ட், குடில் எதுவும் ஒத்துவரும், ஆனால் கஷ்டமான வயது இதுதான்: நடக்கும், சொன்னால் கேட்காது. மூன்று வயதுக்கு மேல் சொந்த டென்ட், வீட்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி கட்டிப் படுத்துப் பார்த்த பிறகு. அந்த ஒத்திகையில் ஜிப்பைத் திறந்து மூடும் விளையாட்டு தீர்ந்துபோகும், எந்த முளை காணோம் என்பதும் தெரிந்துவிடும்.

ஓர் இரவா, இரண்டா என்பதில் பழகியவர்கள் இரண்டு என்பார்கள். முதல் ராத்திரி யாரும் தூங்குவதில்லை, இரண்டாவது ராத்திரிதான் அசந்து தூங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். இருந்தாலும் முதல்முறைக்கு ஓர் இரவு, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓர் இடம். இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். ராத்திரி வீடு திரும்ப நேர்ந்தால் யார் ஓட்டுவது, டென்டை யார் மறுநாள் வந்து எடுப்பது என்று கிளம்பும்போதே பேசிவையுங்கள். டென்டை ஈரத்தோடு மடக்க வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயப்போடுங்கள்; இரண்டு நாள் பைக்குள் கிடந்தாலே பூஞ்சை பிடித்து, அடுத்த முறை அந்த வாடையிலேயே பிள்ளை உள்ளே வர மறுக்கும்.