பெட்டி நிறுக்கும் கைத்தராசு: ஒரு வருடம் பயன்படுத்திய பின்

மேல்படிப்புக்காக வெளிநாடு கிளம்பும்போது நான் வாங்கிய பொருட்களில் ரொம்பச் சின்னது இந்தத் தராசு. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பிடி, நடுவில் ஒரு திரை, கீழே தொங்கும் துணிப்பட்டை, அவ்வளவுதான். பட்டையைப் பெட்டியின் கைப்பிடிக்குள் விட்டு மாட்டித் தூக்கினால் எடை தெரியும். 50 கிலோ வரை நிறுக்கும். எண் நிலைத்ததும் ஒரு முறை ஒலி எழுப்பி அப்படியே நிற்கும், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். இப்படி எண்ணை நிறுத்திவைக்காத தராசை வாங்காதீர்கள். இருபது கிலோவுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே குனிந்து திரையைப் பார்க்க முடியாது.

சரியாகக் காட்டுகிறதா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. 20 லிட்டர் தண்ணீர்க் கேனை முதலில் காலியாகவும் பிறகு நிரப்பியும் நிறுத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்பதால் வித்தியாசம் 20 கிலோ வர வேண்டும். 19.9 வந்தது. நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், ஆனால் சின்ன பாட்டிலை வைத்துச் செய்யாதீர்கள். நமக்குத் தராசு துல்லியமாக இருக்க வேண்டிய இடம் இருபது கிலோவைச் சுற்றித்தான்.

என் டிக்கெட்டில் 23 கிலோ பெட்டி இரண்டு, விமானத்துக்குள் கொண்டுபோக 7 கிலோ பை ஒன்று. எல்லா டிக்கெட்டும் இப்படி இருக்காது. சிலவற்றில் பெட்டிகளின் எண்ணிக்கை கணக்கு, சிலவற்றில் மொத்த எடை கணக்கு. மொத்தக் கணக்காக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதைத் தூக்கி வைப்பதும் மனிதர்கள்தானே. தராசை எடுக்கும் முன் டிக்கெட்டை முழுதாகப் படியுங்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். பெரும்பாலானவர்கள் இந்தத் தராசைக் கடைசி இரவில்தான் எடுக்கிறார்கள். நான் ஆறு வாரம் முன்பே வாங்கிவிட்டேன். பெட்டி கட்டுவதற்கு முன்னால், பொருட்களை ஒரு துணிப்பையில் போட்டு வகைவகையாக நிறுத்தேன். முதலில் காலிப் பெட்டி: பளபளப்பான கெட்டிப் பெட்டி 4.8 கிலோ, வீட்டில் கிடந்த பழைய துணிப்பெட்டி 3.1. பழையதையே எடுத்துக்கொண்டேன், 1.7 கிலோ மிச்சம்.

அடுத்து நோட்ஸ். இளநிலை நான்கு வருடக் குறிப்புகளை நகலெடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் போவதை நினைத்தே பார்க்கவில்லை. நிறுத்துப் பார்த்தால் 4.6 கிலோ! சாதாரண 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் சேர்ந்தால் இரண்டரை கிலோ. மூன்று மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். கடைசி இரவில் தெரிந்திருந்தால் ஸ்கேன் செய்ய நேரம் எங்கே?

அம்மா வைத்த போர்வை 1.8 கிலோ. அங்கேயே வாங்கலாம் என்று அண்ணன் சொன்னான். நான் அதை விட்டுவிடவில்லை. எண் தெரிந்ததால்தான் அதற்கு இடம் ஒதுக்க முடிந்தது. ஒரு ஜோடி கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொண்டேன், குளிர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டேன்.

காற்றை உறிஞ்சித் துணியைச் சுருக்கும் பைகளை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். அவை இடத்தைத்தான் குறைக்கும், எடையை இல்லை. பாதிப் பெட்டி காலியாகத் தெரிந்தது, ஆசையாக நிரப்பினேன், தூக்கினால் 26.4. மூடிய பெட்டியைப் பார்த்து எடையைக் கணிக்கவே முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் கைப்பை. மடிக்கணினியும் சார்ஜரும் 2.1, அசல் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீதுகள் இருந்த ஃபைல் 1.3, மருந்தும் மருத்துவர் சீட்டும் அரை கிலோ. இவை எதையும் பெரிய பெட்டியில் போடக் கூடாது, பெட்டி வந்து சேரத் தாமதமானால் முதல் நாளே தவிக்க வேண்டியிருக்கும். பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. 100 வாட்-அவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்னாற்றலின் அளவு) வரை பொதுவாகத் தனி அனுமதி தேவைப்படாது. என்னுடையது 20,000 மில்லி ஆம்பியர்-அவர், கணக்குப்படி 74 வாட்-அவர். இவ்வளவையும் வைத்த பின் கைப்பையில் மூன்று கிலோகூட மிச்சமில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் கவுண்டர் முன் பெட்டியைத் திறந்து வைத்துத் தவித்தவர்களைப் பார்த்தேன். எடை கூடினால் கைப்பைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வந்திருப்பார்கள். ஆனால் பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேலான ஷாம்பு, எண்ணெய் பாட்டில்கள் கைப்பையில் போகாது, கத்தரிக்கோல் போன்றவற்றிலும் கட்டுப்பாடு உண்டு. எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை வீட்டில் இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும்.

என் பெட்டிகள் வீட்டில் 22.6, 22.8. கவுண்டரில் 22.7, 22.9. அந்த எண்களைப் பார்த்தபோது அப்பா என் தோளைத் தட்டினார். இருந்தாலும் நீங்கள் 22.5-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டு தராசும் ஒன்றுபோல இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

குறைகள் உண்டு. அலகு மாற்றும் பட்டனும் இயக்கும் பட்டனும் ஒட்டினாற்போல இருக்கின்றன. ஒரு மாலை 48.9 என்று காட்டியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. “ஓரத்துல பாரு, அது பவுண்டு” என்றான் அண்ணன். கிலோவில் 22.2தான். பெட்டியின் சக்கரம் தரையில் லேசாகப் பட்டாலும் எடை குறைவாகக் காட்டும், அதனால் பக்கத்தில் ஒருவர் குனிந்து பார்ப்பது நல்லது. முதுகுவலி உள்ளவர்கள் தாங்களாகத் தூக்காமல், உறுதியான கம்பியில் தராசை மாட்டிப் பெட்டியைத் தொங்கவிடலாம். பெரிய குறை பேட்டரி. உள்ளே இருப்பது நாணயம் போன்ற சிஆர்2032. முன்னெச்சரிக்கை எதுவும் காட்டாமல் கிளம்பும் நாள் காலையில் அணைந்துவிட்டது, நல்லவேளையாக முந்தின இரவே நிறுத்து முடித்திருந்தோம். உதிரி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தராசை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விடுமுறைக்குத் திரும்பும்போதும் அதே எடைக் கணக்குதான். செமஸ்டர் முடியும் வாரங்களில் என் தராசு விடுதி அறை அறையாகச் சுற்றுகிறது. போன வாரம் வாங்கிப்போன மாணவி, புது பேட்டரி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.