கதவு இருக்கிறது, கால் நீட்ட இடம் இருக்கிறதா? ஒன்பது வருட பிசினஸ் கிளாஸ் அனுபவம்

வேலை நிமித்தமாக ஒன்பது வருடமாக நீண்ட தூர இரவு விமானங்களில் போய் வருகிறேன். டிக்கெட் கம்பெனி போடுவது. இறங்கிய அன்று காலையே மீட்டிங் இருக்கும் என்பதால், போகும் வழியில் தூங்கியே ஆகவேண்டும். உயரம் ஆறடி ஒரு அங்குலம், இடுப்பு வலி உண்டு, ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மல்லாந்து படுத்துத் தூங்குகிறவருக்கு நான் குறை சொல்லும் சீட்டுகளில் பாதி நன்றாகவே இருக்கும்.

புது விமானம் என்றால் சீட்டும் நன்றாக இருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் ஏறுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விமானம் வேறு, சீட் வேறு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. விமானத்தைச் செய்வது போயிங், ஏர்பஸ். சீட்டைச் செய்வது சஃப்ரான், காலின்ஸ், தாம்சன் போன்ற வேறு கம்பெனிகள். எந்த சீட்டை வாங்கி எப்படி அடுக்குவது என்று முடிவு செய்வது ஏர்லைன்.

விமானத்தின் பங்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு முழு திருப்தி. 2011-ல் சேவைக்கு வந்த போயிங் 787-ம், 2015-ல் வந்த ஏர்பஸ் ஏ350-யும் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆன உடல் கொண்டவை. பழைய அலுமினிய உடல் அழுத்தம் ஏறி இறங்கி நாளாவட்டத்தில் களைத்துப்போகும், ஈரம் பட்டால் அரிக்கும். அதனால் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயரத்து மலையில் இருக்கும் அளவுக்குக் குறைத்துத்தான் வைப்பார்கள், காற்றையும் வறண்டதாகவே விடுவார்கள். புதியவற்றில் அது 6,000 அடி அளவில் நிற்கிறது, ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதல். பத்து மணி நேரம் பறந்து இறங்கும்போது மூக்கு எரிச்சல் இல்லை, தொண்டை வறட்சி குறைவு, தலை கனக்கவில்லை. முதல் பயணத்திலேயே இந்த வித்தியாசம் தெரிந்தது, இன்றுவரை மாறவில்லை.

இரைச்சலும் குறைவு. ஆனால் இன்ஜின் சத்தம் அடங்கியதும் மற்ற சத்தமெல்லாம் மேலே வந்துவிடுகிறது. பணியாளர்கள் டிராலி பூட்டைத் திறப்பது, கழிவறைக் கதவு அடிப்பது, இரண்டு வரிசை தள்ளி ஒருவர் குறட்டை விடுவது எல்லாம் தெளிவாகக் கேட்கும். காதடைப்பான் இல்லாமல் நான் ஏறுவதில்லை.

சரி, சீட்டுக்கு வருவோம். 1-2-1 என்று, அதாவது இரண்டு ஜன்னல் ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு என்று அடுக்கிவிட்டால் எல்லோருக்கும் நடைபாதை கிடைத்துவிடும், யாரையும் தாண்ட வேண்டியதில்லை. இன்று பெரும்பாலான நல்ல ஏர்லைன்களில் இரண்டு நடைபாதை உள்ள அகல உடல் விமானம் என்றால் இந்த அடுக்குதான். ஆனால் கேபின் அகலம் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. போயிங் 777-ல் 5.87 மீட்டர், ஏ350-ல் 5.61, 787-ல் 5.49. ஒரே ரகச் சீட்டில் 777-லும் 787-லும் பயணம் செய்திருக்கிறேன். 787-ல் தோள்பட்டையும் முழங்கையும் சுவரைத் தொட்டன.

உண்மையான விஷயம் காலடியில் இருக்கிறது. படுக்கை ஆறரை அடி நீளம் என்று விளம்பரத்தில் போடுவார்கள், அது பொய்யில்லை. ஆனால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் நாலடிக்குள்தான். மிச்சம் இரண்டரை அடி எங்கிருந்து வருகிறது? முன்னால் இருப்பவரின் பக்கவாட்டு மேசைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும். நம் கால் அதற்குள் போகிறது. ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடுக்கிய சீட்டுகளில் இந்தப் பொந்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு புத்தம் புது விமானத்தில் பதின்மூன்று மணி நேரப் பயணம். கதவு வைத்த சீட், பெரிய திரை, தைத்த தோல், பார்க்கவே அழகு. படுத்த பிறகுதான் பொந்தின் அளவு தெரிந்தது. ஒரு ஜாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, உயரமும் அவ்வளவுதான். இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். ஒருக்களிக்க முழங்காலை மடக்கினால் மேசையின் அடிவிளிம்பு சரியாக முழங்கால் சில்லில் இடித்தது. புரண்டு படுக்க வேண்டுமென்றால் காலை வெளியே இழுத்து, திரும்பி, மறுபடி உள்ளே நுழைக்க வேண்டும். அந்த இரவு நான்கு முறை அப்படி எழுந்தேன். காலையில் முழங்காலில் சிவந்த கோடு. அதே விமானத்தில் முதல் வரிசையில் இருந்தவருக்கு முன்னால் யாரும் இல்லை, அதனால் கால் வைக்கும் இடம் முழு அகலத்துக்குத் திறந்திருந்தது. ஒரே டிக்கெட், ஒரே கேபின், ஆனால் அவருக்குக் கிடைத்தது வேறு படுக்கை.

ரிவர்ஸ் ஹெரிங்போன் என்று சொல்லும் அடுக்கில், அதாவது சீட் ஜன்னல் பக்கம் சாய்வாகத் திரும்பியிருக்கும் வகையில், எனக்கு இந்தத் தொல்லை குறைவு. பாதம் மட்டும் ஒடுங்கிய இடத்தில் இருக்கும், முழங்கால் இருக்கும் இடம் விரிந்திருக்கும். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம் மெத்தை. உட்கார்ந்து பார்த்துச் சீட்டை எடை போடக்கூடாது. முதல் ஒரு மணி நேரம் எல்லா சீட்டும் நன்றாகத்தான் இருக்கும். எடை குறைக்க மெல்லிய ஃபோம் வைக்கிறார்கள், அதன் மேல் தீப்பிடிக்காத துணி, அதன் மேல் உறை. ஐந்தாவது மணியில்தான் அடியில் இருக்கும் தகடு இடுப்பில் தெரியவரும். அதைவிட மோசம் மூட்டு. சீட் படுக்கையாகும்போது முதுகுப்பலகை, உட்காரும் பலகை, கால் பலகை என்று மூன்று துண்டு ஒன்று சேர்கிறது. அந்த இணைப்புப் பள்ளம் இடுப்பெலும்புக்கு நேராக வந்தால் தூக்கம் போச்சு. நான் கூடுதலாக ஒரு போர்வை கேட்டு, நாலாக மடித்து அந்தப் பள்ளத்தில் வைத்துவிடுவேன். ஒன்பது வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது இந்த ஒரு பழக்கம்தான்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ350 நீண்ட தூர சீட்டில் இதற்கு வேறு வழி. எழுந்து நின்று முதுகுப்பலகையை முன்பக்கம் மடித்துப் போட்டால், அதன் பின்பக்கமே மெத்தை. உட்கார ஒரு பரப்பு, படுக்க ஒரு பரப்பு. படுக்கை சமமாக, இதமாக இருந்தது. ஆனால் கால் ஒரு மூலைக்குப் போகும், குறுக்காகத்தான் படுக்க வேண்டும். பாதித் தூக்கத்தில் பொத்தானை அழுத்திச் சரியவும் முடியாது.

கதவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2017-ல் கத்தார் ஏர்வேஸின் கியூசூட் என்ற சீட்டும் டெல்டாவின் கதவு வைத்த சீட்டும் வந்த பிறகு, கதவு இல்லாத சீட் பழசு என்று ஆகிவிட்டது. எனக்குக் கதவு பிடிக்கும். நடந்து போகிறவர் நிழல் முகத்தில் விழாது, தோளில் யாரும் இடிக்க மாட்டார்கள். விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் அதைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கதவு உள்ளே ஒதுங்க ஒரு சுவர் வேண்டும், அந்தச் சுவருக்கான அங்குலங்கள் ஏதோ ஓர் இடத்திலிருந்துதான் வரவேண்டும். மூடிய அறைக்குள் காற்றும் தேங்குகிறது. புது விமானங்கள் பலவற்றில் தலைக்கு மேல் காற்றுக் குழாயையே வைப்பதில்லை. தடித்த ரஜாயைப் போர்த்திக்கொண்டு வியர்த்துப்போய் நடு இரவில் கதவைத் திறந்து வைத்த அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு. இப்போது மெல்லிய பருத்திச் சட்டைதான் போட்டுப் போகிறேன்.

நாள்பட்ட தேய்மானம் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பதின்மூன்று மணி நேரப் பயணம் போன அதே ஏர்லைனில், அதே ரகச் சீட்டில், சமீபத்தில் மறுபடி போனேன். கதவின் தாழ்ப்பாள் தளர்ந்து, விமானம் குலுங்கும்போதெல்லாம் கடகடவென்று அடித்தது. கைப்பிடியை அழுத்திப் பார்த்தும் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் பணிப்பெண் ஒரு துண்டை மடித்துக் கதவிடுக்கில் செருகிக் கொடுத்தார். அசையும் பாகம் கூடக்கூடப் பழுதும் கூடும்.

ஒரு இரவு என் போன் சீட்டுக்கும் சுவருக்கும் இடையே வழுக்கி உள்ளே போய்விட்டது. எடுப்பதற்காகச் சீட்டை நிமிர்த்தப் போனேன். பணியாளர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தடுத்தார். மோட்டாரில் மாட்டி போன் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். டார்ச் அடித்து, மெத்தையைத் தூக்கி அவரே எடுத்துத் தந்தார். அதிலிருந்து படுக்கும்போது போன் பைக்குள்தான். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒற்றை நடைபாதை விமானங்களும் இப்போது கடல் தாண்டிப் போகின்றன. ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் 2024 நவம்பரில் சேவைக்கு வந்தது. இந்த ரக விமானங்கள் சிலவற்றில் பக்கத்துக்கு ஒரு சீட், ஜன்னலுக்கு முதுகு காட்டி, கால் நடைபாதைப் பக்கம். படுக்க வசதி, வெளியே பார்க்கக் கழுத்து வலிக்கும்.

டிக்கெட் எடுத்ததும் எந்த விமானம், எந்த அடுக்கு என்று பாருங்கள். ஜன்னல் ஓர சீட்டுகளில் ஒரு வரிசை ஜன்னலை ஒட்டியும் அடுத்த வரிசை நடைபாதையை ஒட்டியும் இருந்தால், ஜன்னலை ஒட்டியதை எடுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் இன்னொரு முறை பாருங்கள், விமானம் மாறியிருக்கும். 2024-ல் லுஃப்தான்சா கொண்டுவந்த அலெக்ரிஸ் என்ற புது கேபின் வடிவமைப்பில் ஒரே பிசினஸ் கேபினுக்குள் பல ரகச் சீட்டுகள், சிலவற்றுக்குத் தனிக் கட்டணம். வகுப்பின் பெயரை மட்டும் பார்த்து இனி எதையும் முடிவு செய்ய முடியாது.

போன மாதம் நான் அதிகம் தூங்கியது ஒரு பழைய ரிவர்ஸ் ஹெரிங்போன் சீட்டில்தான். கதவு கிடையாது, திரை சின்னது, தோல் ஓரத்தில் வெளுத்திருந்தது. ஆறு மணி நேரம் இருபது நிமிடம், ஒரு முறைகூட எழவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தடத்தில் கதவு வைத்த புது சீட் வருகிறதாம். முதல் வரிசையைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். போய் வந்ததும் எழுதுகிறேன்.