50 வெள்ளி கொடுத்தும் அழியாத கோயில் கணக்கு
மெல்பர்னிலிருந்து மூன்று வார லீவில் கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்கு வந்ததும் அப்பா கொடுத்த முதல் வேலை, ஸ்டோரில் கிடந்த பழைய கணினியைப் பழைய சாமான்காரரிடம் போடுவது. போட்டிருப்பேன், ஆனால் பத்து வருஷக் கோயில் கமிட்டிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. உறுப்பினர் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், போன், யார் எவ்வளவு நன்கொடை பாக்கி என்பது வரை.

சரி, அழித்துவிட்டுப் போடலாம் என்று புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். 50 வெள்ளி (ரிங்கிட்). நான் கோப்பி வாங்கி வருவதற்குள் "முடிஞ்சிருச்சு பாஸ்" என்றார். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், மூன்றே நிமிடம்! வீட்டில் இலவச மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டிப் பார்த்தால் 2014 பத்துமலைத் தண்ணீர்ப் பந்தல் செலவு, மோர் பாக்கெட் கணக்கோடு அப்படியே எழுந்து வருகிறது. அவர் போட்டது வெறும் குயிக் ஃபார்மட், கோப்புகளின் பட்டியலை மட்டும் துடைப்பது. வாசல் பெயர்ப் பலகையைக் கழற்றினால் வீடு காலியாகிவிடுமா?

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த தம்பி முதலில் தன் கணினியின் சொந்த டிஸ்க் வயர்களைப் பிடுங்கிப் போட்டார். "நம்பர் மாறி அடிச்சா என் பொழப்பு போயிரும் அண்ணே." அப்புறம் பென்டிரைவிலிருந்து நிரலை ஓட்டி, டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுத விட்டார். ஏழு சுற்று ஓட்டச் சொன்னேன், சிரித்தார். 35 சுற்று எழுத வேண்டும் என்ற கதையெல்லாம் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் அந்தக் காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதியது, இப்போதைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சுற்று போதும் என்றார். அந்த ஒரு சுற்றுக்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். பக்கத்தில் வாழையிலைச் சாப்பாடு முடித்து வந்தும் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கையின் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மடிக்கணினியையும் கொண்டுபோயிருந்தேன். அதற்கு இந்த முறை சரிப்படாது. நாம் ஒரு இடத்தில் எழுதச் சொன்னால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் வேறு இடத்தில் எழுதும், பழையது எங்கோ ஒதுக்குப்புறத்தில் தங்கிவிடும். அதனால் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) செக்யூர் இரேஸ், அதாவது டிஸ்க்கே தன்னை முழுக்க அழித்துக்கொள்ளும் கட்டளை, கொடுத்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முந்தின நாள் மூன்று நிமிடக்காரரைத் திட்டியவன் இங்கே வாயைத் திறக்கவில்லை.

இரண்டுக்கும் சேர்த்து 40 வெள்ளி. ரசீதில் டிஸ்க் சீரியல் நம்பரையும் கேட்காமலே எழுதிக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஓட்டை போட்டுக் கமிட்டி ஃபைலில் கோத்துவிட்டார்.