டியூஷனா, ஆப்பா, அப்பத்தாவா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் மாலை நேரம்

போன ஜூனில் மகளை டியூஷனில் சேர்த்தோம், தீபாவளி முடிந்ததும் நிறுத்திவிட்டோம். அப்புறம் இரண்டு மாதம் மொபைலில் ஒரு படிப்பு ஆப். இப்போது பள்ளி விட்டால் நேரே வீடு, அங்கே அப்பத்தா. ராத்திரி அரை மணி நேரம் நான். காரைக்குடியில் எங்கள் தெருவிலேயே நாலைந்து அம்மாக்கள் எது நல்லது என்று கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். நான் வீட்டுப் படிப்பின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காசுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடலாம். டியூஷனில் ஒரு பெரிய நிம்மதி உண்டு: வீட்டுப்பாடம் அங்கேயே முடிந்துவிடும். நான் வேலை முடிந்து வரவே ஏழாகிவிடும், அதற்கு மேல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கத்துவதை விட அது எவ்வளவோ மேல் என்றுதான் நினைத்தேன். ஆப்பில் படமெல்லாம் அழகு. ஆனால் தப்பாக அழுத்தினால் அடுத்ததை அழுத்தலாம் என்பதை மகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். விடை சரியாக வரும், ஏன் என்று கேட்டால் தெரியாது. இரண்டு மாத அனுபவத்தை வைத்து எல்லா ஆப்பும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

என் முடிவை மாற்றியது தூக்கம். 6 வயதிலிருந்து 12 வயது வரை பிள்ளைகள் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் கொடுத்த பரிந்துரை. அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். டியூஷன் 5.30 முதல் 7.30 வரை. வந்து முகம் கழுவி, சாப்பிட்டு, மிச்சமிருக்கும் படம் வரைகிற வேலையை முடித்துப் படுக்கும்போது 10.30. காலையில் வேன் வருவதால் 6 மணிக்கு எழுப்பியாக வேண்டும். ஏழரை மணி நேரம்தான் தூக்கம். 9 மணி நேரம் என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி குறைகிறது, திங்கள் முதல் வெள்ளி வரை ஏழரை மணி. அதாவது வாரத்தில் ஒரு ராத்திரி பிள்ளை தூங்கவே இல்லை என்கிற மாதிரி. பகலில் படித்தது மனதில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும், அதைப் பிடுங்கிக்கொண்டு கூடுதலாக இரண்டு மணி நேரம் படிக்க வைத்திருக்கிறோம்! ஏழாம் வாய்ப்பாட்டை ராத்திரி முழுசாகச் சொல்வாள், காலையில் பாதியில் நிற்பாள். தினமும் வேன் வரும் நேரத்தில் வயிறு வலிக்கும். டியூஷனை நிறுத்திப் பத்து நாளில் அந்த வயிற்றுவலி போய்விட்டது. இப்போது 9 மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறாள்.

சரி, படிப்பு? நாங்கள் இருப்பது பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பழைய வீட்டில். ஆறு மணி வரை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், மற்றப் பிள்ளைகளோடு ஓட்டம். அப்புறம் அப்பத்தாவோடு பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5 என்று 70 சோழி. ஒரு ஆட்டம் முடிந்ததும் கையில் இருப்பதை மறுபடி ஐந்தைந்தாகத் தன் பக்கத்து ஏழு குழியில் நிரப்ப வேண்டும். 27 சோழி இருந்தால் ஐந்து குழி நிரம்பும், இரண்டு குழி காலி, கையில் இரண்டு சோழி மிச்சம். மீதி வரும் வகுத்தலை என் மகள் கற்றது இப்படித்தான், டியூஷன் நோட்டில் அதே கணக்கைப் பார்த்து அழுதவள்.

அப்பத்தா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர், இங்கிலீஷ் தெரியாது. அதனால் இவள் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள், இங்கிலீஷ் பாடத்தைத் தமிழில் கதையாகச் சொல்வாள். “அப்புறம் என்னாச்சு ஆத்தா?” என்று அப்பத்தா கேட்டுக்கொண்டே இருப்பார். தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எந்த இடம் புரியவில்லை என்பது இவளுக்கே தெரிந்துவிடுகிறது. சிக்கிய இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைப்பாள், சாப்பிட்ட பிறகு நான் அந்த வட்டங்களை மட்டும் பார்ப்பேன். ராத்திரி அரை மணி என்றேனே, பெரும்பாலான நாளில் அதுவே போதும்.

வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாமல், இருவருமே எட்டு மணிக்குத்தான் வருகிறீர்கள் என்றால் டியூஷனை விடச் சொல்ல மாட்டேன். ஏழு மணிக்கு முன்னால் முடிகிறதா, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுத்துக் கூட்டுவதிலேயே விடாமல் சிரமப்படும் பிள்ளை என்றால் எங்கள் அனுபவம் உதவாது, முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். எங்களுக்கும் இது மூன்றாம் வகுப்பு வரைக்கான ஏற்பாடுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு வரும்போது யாரையாவது தேட வேண்டி வரலாம், அப்போதும் 9 மணிப் படுக்கையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.