பிணைப்பு ஆற்றலா, உருவாதல் என்தால்பியா?

ஒரு வினையில் எவ்வளவு வெப்பம் வெளிவரும் என்று தாளிலேயே கணக்குப் போட பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிணைப்பு ஆற்றல், அதாவது ஒரு மோல் பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல். மற்றது உருவாதல் என்தால்பி, அதாவது ஒரு மோல் சேர்மம் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம். டியூஷனில் இரண்டையும் மாற்றி மாற்றி நடத்திப் பார்த்துவிட்டு, இப்போது உருவாதல் என்தால்பியைத்தான் முதலில் எடுக்கிறேன்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிணைப்பு ஆற்றலில், உடையும் பிணைப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து உருவாகும் பிணைப்புகளின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். உருவாதல் என்தால்பியில் வினைவிளை பொருள் முதலில், வினைபடு பொருள் பிறகு. வரிசை தலைகீழ் என்பதால், இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்தினால் பாதிப் பேருக்குக் குறி மாறிவிடும்.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்கிற மாதிரி எளிய வினை என்றால் எந்த வழியும் சரிதான். உடையும் ஹைட்ரஜன் பிணைப்பின் 436-ம் குளோரின் பிணைப்பின் 242-ம் கூட்டி, உருவாகும் ஹைட்ரஜன்-குளோரின் பிணைப்புகளுக்கு இரண்டு 431-ஐக் கழித்தால் −184 கிலோஜூல் (கழித்தல் குறி என்றால் வெப்பம் வெளிவருகிறது). உருவாதல் வழியில் இரண்டு முறை −92.3, அதாவது −184.6. இங்கே சண்டையே இல்லை.

மீத்தேன் எரிவதை எடுத்தால்தான் வேறுபாடு தெரியும். கார்பன்-ஹைட்ரஜன் 413, ஆக்சிஜன் மூலக்கூறு 498, கார்பன் டை ஆக்சைடில் உள்ள இரட்டைப் பிணைப்பு 799, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் 463 என்று போட்டால் விடை −802. உருவாதல் என்தால்பி அட்டவணையில் தண்ணீருக்கு −285.8 எடுத்துப் போடுகிற மாணவனுக்கு −890 வரும். யார் சரி? இருவருமே சரி. பிணைப்பு ஆற்றல் வாயு நிலைக்கு மட்டுமே பொருந்தும், அதனால் அங்கே வருவது நீராவி. நீராவிக்கு உரிய −241.8-ஐப் போட்டால் உருவாதல் வழியிலும் −802-தான் கிடைக்கும். நடுவில் இருக்கும் 88 கிலோஜூல், இரண்டு மோல் நீராவி நீராகக் குளிரும்போது விடும் வெப்பம். கேஸ் அடுப்பில் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்த உடனே அதன் வெளிப்பக்கம் வியர்க்குமே, அதில் பெரும்பங்கு இந்த நீராவிதான். (வெளிநாட்டு வீடுகளில் வைக்கும் சில கொதிகலன்கள் இதே வெப்பத்தைப் பிடித்துப் பயன்படுத்துகின்றன.)

எனக்கு முடிவைத் தந்தது இதுதான். உருவாதல் அட்டவணையில் நீர், நீராவி இரண்டும் தனித்தனி வரியில் இருக்கும். எதை எடுக்கிறோம் என்று மாணவன் யோசித்தே ஆக வேண்டும். பிணைப்பு அட்டவணை நிலையைப் பற்றிக் கேட்பதே இல்லை. போதாததற்கு அதில் இருப்பவை பெரும்பாலும் சராசரிகள். கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்குப் பல புத்தகங்களில் 745 என்று இருக்கும். கார்பன் டை ஆக்சைடுக்கும் அதையே போட்டால் மீத்தேன் கணக்கு −694-இல் போய் நிற்கும். பியூட்டேன், ஐசோபியூட்டேன் இரண்டிலும் ஒரே பிணைப்புகள், ஒரே எண்ணிக்கை. அட்டவணைக்கு இரண்டும் ஒன்றுதான். உருவாதல் என்தால்பியோ −126, −134 என்று பிரித்துக் காட்டிவிடும். உப்பு கரைவது மாதிரி அயனிச் சங்கதிக்குப் பிணைப்பு அட்டவணை பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் பிணைப்பு ஆற்றல் எதற்கு? வெப்பம் ஏன் வருகிறது என்று சொல்ல. பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்று நம்பி வரும் பிள்ளைகளை மாற்ற இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. பென்சீனும் இங்கேதான் சுவையாகிறது. ஒரே இரட்டைப் பிணைப்பு உள்ள வளையஹெக்சீனில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் 120 கிலோஜூல் வருகிறது, பென்சீனுக்கு வரையும் மூன்று இரட்டைப் பிணைப்புக்கு 360 வர வேண்டும், ஆனால் பென்சீன் தருவது 208. அந்த 152 எங்கே போனது என்று கேட்டாலே வகுப்பு விழித்துக்கொள்ளும். நான் நடத்துவது மேல்நிலை வரைதான். கல்லூரிப் பாடத்தில் எது முன்னே வர வேண்டும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பரீட்சையில் பிணைப்பு ஆற்றல் மட்டும் கொடுத்திருந்தால் வேறு வழியில்லை, அதிலேயே போடுங்கள். விடைக்குப் பக்கத்தில் ‘நீர் வாயு நிலையில்’ என்று மறக்காமல் எழுதிவிடுங்கள்.