சாரலில் ஒரு குரோனோகிராஃப்

குரோனோகிராஃப், அதாவது உள்ளேயே ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச், வாங்கியவர்களில் பலர் பக்கத்தில் இருக்கிற அந்த இரண்டு பட்டனையும் தொடுவதே இல்லை. அழுத்தினால் உள்ளே ஏதாவது உடைந்துவிடும் என்று பயம். அதே ஆள் ஆடி மாசம் அதே வாட்சைக் கட்டிக்கொண்டு ஐந்தருவியில் தலையைக் கொடுப்பார். செங்கோட்டையில் இருந்துகொண்டு, சரக்கு விஷயமாக வாரம் தவறாமல் புளியரை மலை ரோடு ஏறி கேரளத்துப் புனலூர், கொல்லம் என்று போய்வருகிற நான் இத்தனை வருஷத்தில் கண்டது இதுதான்: பட்டனை அழுத்துவதால் இந்த வாட்ச் கெடுவதில்லை, ஈரம்தான் கெடுக்கிறது.

என் வாட்சுக்குள் ஓடுவது வால்ஜூ 7750. 1974-ல் வந்த சுவிஸ் இயந்திரம். எத்தனையோ கம்பெனிகள் தங்கள் பெயரைப் போட்டு விற்கும் குரோனோகிராஃபுக்குள் இதுதான் இருக்கும். மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது வினாடிக்கு எட்டு. ஸ்டாப்வாட்ச் முள் எட்டில் ஒரு வினாடி கணக்கில் நகர்வதால் வழுக்கிப் போவது போலத் தெரியும். பட்டன்கள் மட்டும் அவ்வளவு வழுக்கல் இல்லை. முள்ளை ஓடவிடவும் நிறுத்தவும் இருக்கும் மேல் பட்டனை அழுத்தக் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும், 'டக்' என்று விழும். பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பட்டன் அதைவிட லேசு. பட்டன் அழுத்தத்தை வாங்கி முள்ளை ஓட்டவும் நிறுத்தவும் தூண் சக்கரம் வைத்த விலை கூடிய இயந்திரங்களில் இரண்டுமே வெண்ணெய் மாதிரி இறங்கும். இது அதற்குப் பதிலாகக் கேம் என்கிற வளைந்த தகடு வைத்த இயந்திரம், அதனால் இந்த முரட்டுத்தனம். எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது. அழுத்தியது விரலுக்குத் தெரிகிறதே.

இன்னொரு குணம், சத்தம். கையை ஆட்டினால் உள்ளே இருக்கும் ரோட்டார் சுற்றிச் சாவி கொடுத்துக்கொள்ளும். 7750-ல் ஒரு பக்கம் சுற்றினால்தான் சாவி ஏறும். மறுபக்கம் சும்மா கிறுகிறுவென்று ஓடி, மணிக்கட்டில் ஒரு குலுக்கல் தரும். புதிதில் வீட்டுக்காரி, "உள்ள சக்கரம் எதுவும் கழண்டு சுத்துதா?" என்று கேட்டாள். கழலவில்லை, அதன் சுபாவமே அப்படி.

சரி, இதை வைத்து என்னதான் அளப்பது? டயலைச் சுற்றி டாக்கிமீட்டர் எண்கள் இருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் கல்லில் மேல் பட்டனை அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்தினால் முள் காட்டும் எண்தான் வேகம். தென்காசியிலிருந்து செங்கோட்டை வரும் நேர் ரோட்டில் இது சரியாக வேலை செய்யும். ஆனால் அந்த எண்கள் அறுபதோடு முடிந்துவிடுகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு 60 வினாடிக்கு மேல் ஆனால் அதில் படிக்க எதுவும் இல்லை. புளியரை தாண்டி எஸ் வளைவில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டினவனுக்கு அறுபது ஏது? 3600-ஐ வினாடியால் வகுக்க வேண்டியதுதான். 150 வினாடி என்றால் மணிக்கு 24 கிலோமீட்டர். மலை ரோட்டைப் பொறுத்தவரை டாக்கிமீட்டர் வெறும் அலங்காரம். அதற்காகவே வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன்.

எனக்கு உதவுவது ஸ்டாப்வாட்சின் நிமிட முள். செக்போஸ்டில் வண்டி எவ்வளவு நேரம் நின்றது, லோடு இறக்க எவ்வளவு ஆனது என்று ஓட்டி வைத்துவிடுவேன். பன்னிரண்டு மணி இடத்தில் இருக்கும் சின்ன டயல் 30 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். அதனால் அது 17 காட்டினால் பதினேழு நிமிடமா, நாற்பத்தேழா என்று ஆறு மணி இடத்து டயலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அங்கே மணி முள் பாதி தாண்டியிருந்தால் நாற்பத்தேழு. பழகினால் ஒரே பார்வையில் வந்துவிடும். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் நேரத்தை அளந்ததெல்லாம் வேலை இல்லாத நாளின் விளையாட்டு.

பட்டனில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். முள் ஓடும்போது கீழ்ப் பட்டனை அழுத்தக் கூடாது; நிறுத்தினபிறகுதான் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கை ஈரமாக இருந்தால் இரண்டையும் தொடக் கூடாது. நாள் பூராவும் ஓடவிட்டால் இயந்திரத்துக்குச் சுமை கூடி நேரத்தைப் பிடித்து ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு குறையும், தேவையில்லாமல் எதற்கு? தேதியை ராத்திரி எட்டு மணியிலிருந்து விடியக்காலை மூன்று வரை மாற்ற வேண்டாம். அந்த நேரம் தேதிப் பல்சக்கரம் பிடித்திருக்கும்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். ஜூனில் சாரல் பிடித்தால் எங்கள் பக்கம் துணியே காயாது. ஆரியங்காவு தாண்டினால் கேட்கவே வேண்டாம். சாதாரண வாட்சில் தண்ணீர் நுழையும் வழி கண்ணாடி, பின்மூடி, சாவி. குரோனோகிராஃபில் கூடவே இரண்டு பட்டன். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் வளையம், ஒவ்வொன்றும் வருஷம் போகப் போக இறுகும். பின்னால் 50 மீட்டர் என்று போட்டிருந்தால் ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமில்லை. அது ஆடாத தண்ணீரில் பார்த்த அழுத்தம். அருவி அப்படியா விழுகிறது? குற்றாலத்து எண்ணெய்க் குளியல் அதைவிட மோசம். பட்டன் இடுக்கில் எண்ணெய் ஏறி, தூசி ஒட்டி, அழுத்திய பட்டன் திரும்பி வராமல் நிற்கும்.

ஒருமுறை பெரிய ஊர் ஒன்றில் முழு சர்வீஸ் கொடுத்து வாங்கினேன். வந்ததும் ஸ்டாப்வாட்ச் வினாடி முள் பன்னிரண்டுக்கு ஒரு கோடு தள்ளி நின்றது. அது கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். அடுத்த சாரலில் கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அரிசியில் புதைத்து வை என்று ஆளாளுக்கு சொன்னார்கள். அரிசி மாவுத் தூசியைத்தான் தரும், உள்ளே போன ஈரத்தை எடுக்காது. அன்றைக்கே தென்காசியில் பழைய வாட்ச் கடை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். திறந்து லென்ஸில் பார்த்துவிட்டு, "கீழ்ப் பட்டன் வாஷரை மாத்தவே இல்ல அண்ணாச்சி, பழசையே போட்டுருக்காங்க" என்றார். துரு இன்னும் பிடிக்கவில்லை. உலர்த்தி, வளையங்களை மாற்றி, முள்ளையும் நேராக்கித் தந்தார்.

அவர் காட்டிய ஒரு சோதனையை இப்போது ஒவ்வொரு மே மாசமும் செய்கிறேன். வாட்சைக் கையில் பொத்திக் கொஞ்சம் சூடாக்கி, கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு ஐஸ் தண்ணீர் விட வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் மங்கல் தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. தெரியாவிட்டாலும் வளையங்கள் நன்றாக இருக்கின்றன என்று இது சொல்லிவிடாது. அதற்குப் பிரஷர் டெஸ்ட்தான். சாரலுக்கு முன்னால் அதையும் போட்டுவிடுகிறேன்.

தோல் வார் இங்கே ஒரு மழைக்குத் தாங்காது, நாறும். ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு தோல் வாருக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? திடீரென்று நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். காந்தம் வைத்த போன் உறை பக்கத்தில் படுத்திருந்தால் போதும், பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை. மற்றபடி வாட்சின் துல்லியத்தைச் சோதித்துத் தரும் சுவிஸ் கோஸ்க் (COSC) சான்றிதழுக்கே நாளுக்கு நாலு வினாடி பிந்துவதும் ஆறு வினாடி முந்துவதும் அனுமதி. குவார்ட்ஸ் மாதிரி ஓடவில்லை என்று புலம்பிப் பயனில்லை. என்னுடையது ராத்திரி முகத்தை மேலே வைத்தால் கொஞ்சம் முந்தும், சாவிப் பக்கம் கீழே நிறுத்தினால் பிந்தும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தே சமாளிக்கிறேன்.

பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்கள் கடையில் முப்பது நிமிடமாவது குரோனோவை ஓடவிட்டுப் பாருங்கள். நிமிட முள் ஒவ்வொரு நிமிடமும் தாண்டுகிறதா, நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் மூன்று முள்ளும் சரியாக நிற்கிறதா என்று கவனியுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம், அதுவரை பணத்தைக் கொடுக்க வேண்டாம். விலை பேசும்போது ஒரு முழு சர்வீஸ் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள், மூன்று முள் வாட்சைவிடக் கூலி நிறையக் கேட்பார்கள்.