ரீகண்டிஷன் டீசல் மீட்டர் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

38,500 ரூபாய். நேற்று மெக்கானிக் மீட்டரைப் பிரித்து உள்ளே காட்டியதிலிருந்து இந்தத் தொகைதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் சோம்பல் வந்துவிடும்.

கடலூர் சிப்காட் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு யார்டு. டிப்பர், பொக்லைன், அப்புறம் என்னோடு வாடகைக்கு ஓடும் சிலரின் வண்டிகள். பாண்டி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் பாண்டியின் குறைந்த விலையில் டீசல் கிடைக்கும்தான், அதற்காக பொக்லைனை அங்கே ஓட்டிக்கொண்டு போக முடியுமா? அதனால் யார்டிலேயே ஒரு டேங்க், பங்கில் இருப்பதுபோல அளந்து டீசல் போடும் ஒரு பழைய டிஸ்பென்சர். வாடகை வண்டிக்குப் போடும் டீசலை வாடகையில் கழித்துக்கொள்வோம். கணக்கு மொத்தமும் மீட்டர் காட்டும் எண்ணை நம்பித்தான்.

பழைய மீட்டரில் கசிவு. புதிது வாங்க விலை கட்டவில்லை. வியாபாரிகளையும் வாங்குபவர்களையும் சேர்த்துவைக்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் தேடினேன். "சோதிக்கப்பட்ட விற்பனையாளர்" என்று பச்சை முத்திரையோடு ஒருவர் வந்தார். ரீகண்டிஷன் செய்த, நான்கு பிஸ்டன் கொண்ட மீட்டர் ஒன்று, கூடவே அதன் சுழற்சியை மின் துடிப்புகளாக்கும் பல்சர் என்ற கருவி, இரண்டும் சேர்த்து 38,500.

நான் விழுந்தது அவர் அனுப்பிய வீடியோவில். ஐந்து லிட்டர் அளவை கேன், நாசிலை முழுசாக அழுத்திப் பிடித்திருக்கிறார், டிஸ்ப்ளே 5.00 காட்டி நிற்கிறது, கேனின் கழுத்தில் டீசல் கோட்டுக்கு நேராக நிற்கிறது. "பாத்துக்கங்கண்ணா, ஒரு சொட்டு கூடக் குறைய இல்லீங்க. எடையளவு முத்திரையும் போட்டே அனுப்பறேன்" என்றார். குரலில் அவ்வளவு பணிவு. பாதிப் பணம் அன்றைக்கே அனுப்பினேன், மீதியை பார்சல் ஆபீசில் கட்டி எடுத்தேன். பளபளவென்று பெயின்ட், புதுக் கம்பியில் ஈய சீல், பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

மாட்டிய பிறகு டிரைவர்கள் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள்! குறைந்திருந்தால் அன்றைக்கே யார்டு அதிர்ந்திருக்கும். கூடப் போனால் யார் வாயைத் திறப்பார்? டேங்கில் இருப்பை அளக்கும் குச்சியான டிப் ஸ்டிக் விட்டுப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, மீட்டர் கணக்கைவிட டேங்கில் இருப்பு குறைவு. திருட்டு என்று நினைத்து வாட்ச்மேனைக்கூடத் திட்டித் தீர்த்தேன், பாவம்.

பங்க் மிஷின் பார்க்கும் மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் ஐந்து லிட்டர் கேனை ஒருமுறை நிரப்பிக் கொட்டி உள்பக்கத்தை நனைத்துக்கொண்டு, முழு வேகத்தில் பிடித்தார். மீட்டர் காட்டியதைவிடக் கேனில் 20 மில்லி கூடுதல். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை ஏறலாம், இறங்கலாம் என்பது சட்டம் தரும் வரம்பு, ஆக அதில் பாஸ். அப்புறம் நாசிலைப் பாதியாக விட்டு மெதுவாகப் பிடித்தார். 150 மில்லி கூடுதல்! நூறு லிட்டருக்கு மூன்று லிட்டர் கணக்கில் வராமல் போகிறது.

அவர் விளக்கியது இதுதான். டீசல் உள்ளே வந்து பிஸ்டன்களைத் தள்ளும், தண்டு சுழலும், அந்தச் சுழற்சியைப் பல்சர் துடிப்புகளாக்கி போர்டுக்கு அனுப்பும், போர்டு அதை எண்ணி லிட்டராகக் காட்டும். பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் கப் தேய்ந்தால் டீசல் பிஸ்டனைத் தள்ளாமலே ஓரமாக நழுவிப் போய்விடும். வேகமாக ஓடும்போது அது பெரிதாகத் தெரியாது, மெதுவாக விட்டால் பல்லிளிக்கும். பல்சர் துடிப்பை விட்டாலும் நஷ்டம் இதே பக்கம்தான், எண் குறையும், டீசல் கூடப் போகும். "அட்ஜஸ்ட் பண்ண முடியாதா?" என்று கேட்டேன். மெதுவான ஓட்டத்துக்குச் சரிபண்ணினால் வேகமான ஓட்டத்தில் தப்பாகும், தேய்மானத்தைத் திருகி மறைக்க முடியாது என்றார். பிரித்தால் சிலிண்டர் முழுக்கக் கீறல், கப்பெல்லாம் பழசு. ரீகண்டிஷன் என்பது வெளியே அடித்த பெயின்ட் மட்டும்! அதற்கு 38,500.

போன் போட்டேன். முதலில் "ஏர் லாக்குங்கண்ணா." பிறகு "ஃபில்டர் அடைப்பா இருக்கும்." பிறகு "வெயில்ல டீசல் விரியுமுங்க." விரியும்தான், ஆனால் மீட்டருக்குள் போவதும் கேனில் விழுவதும் அதே டீசல், அதே நிமிஷம், அதே சூடு. இதைச் சொன்னதும் "சீல் உடைச்சிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார். அத்தோடு என் நம்பர் பிளாக்.

தளத்தின் உதவி மையம் இன்னும் மோசம். "நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம், பணம் எங்கள் வழியாக வரவில்லை, புகார் முடிக்கப்பட்டது." பச்சை முத்திரை எதற்கு என்று கேட்டால், அது ஜிஎஸ்டி எண் இருப்பதற்கான சான்றாம், பொருளுக்கு இல்லையாம்! நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்றால், வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு மடக்கும், உங்கள் பிழைப்புக்கான சுயதொழில் என்று நிரூபிக்க வேண்டும் என்கிறார் தெரிந்த வக்கீல். போன டீசல் தனி, கையிலிருந்து போன 38,500 தனி.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: வீடியோ கேட்டால் வேகமாகவும் மெதுவாகவும் இரண்டு ஓட்டத்திலும் வெட்டாமல் கேளுங்கள். எடையளவுத் துறை முத்திரை என்பது மிஷினைப் பூட்டிய இடத்தில் சோதித்துப் போடுவது, பெட்டிக்குள் பார்சலில் வரும் ஈயத்தை முத்திரை என்று நம்பாதீர்கள். டிப் ஸ்டிக் கணக்கை தினமும் எழுதுங்கள். பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைன் பண மோசடி என்றால் உடனே 1930.

அந்த விளம்பரம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அதே வீடியோவோடு. கடலூர், பாண்டி பக்கம் யாராவது அவரோடு விலை பேசிக்கொண்டிருந்தால் இன்பாக்ஸுக்கு வாங்க, பிரித்த மீட்டரின் படங்களை அனுப்புகிறேன்.